கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். கிணற்றை நம்பிப் பிசான நெல் சாகுபடிக்கு நாற்றுப் பாவியிருக்கிறேன். பாபநாசத்தில் அணை திறந்து எட்டு நாளாகியும் நம் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. கன்னடியன் கால்வாய் முடிகிற கடைமடையில் வயல் வைத்திருப்பவன் பாடு உனக்குத் தெரியாததா.

கோயில் கொடைக்கு வந்தபோது மொட்டைமாடியில் நீயும் உன் மச்சானும் பேசியது கீழே கேட்டது. “ஒரு குவார்ட்டர்தானே, காலையில் எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தால் தெளிந்துவிடும், தலைவலிக்குப் பாராசிட்டமால் இருக்கு” என்றாய். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவனுக்குச் சொந்தப் பிள்ளையிடம் வாய் வரவில்லை.

உன் குவார்ட்டர் கணக்கையே எடுத்துக்கொள். 180 மில்லி பிராந்தியில் நூற்றுக்கு 42.8 பங்கு ஆல்கஹால். எடையில் ஏறக்குறைய 60 கிராம். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும். ராத்திரி பத்து மணிக்குக் குடித்தது விடியும் வரைக்கும்கூட உடம்பில் இருக்கலாம். எலுமிச்சம்பழம், மோர் எதுவும் அதை விரட்டாது.

எரிப்பதற்குப் பிராணவாயு வேண்டுமே, அதில்தான் விஷயம். கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலைச் சுற்றிவிட்டு வருவது. அதில் பிராணவாயு ஏற்கெனவே குறைவு. அந்த ரத்தம் ஈரலுக்குள் இருக்கும் ஒவ்வொரு சிறு மடலின் ஓரத்திலிருந்து நடுவில் உள்ள சிரையை நோக்கி, செல் செல்லாகத் தாண்டிப் போகிறது. ஓரத்துச் செல்கள் தலைமடை, சிரையை ஒட்டியவை கடைமடை. சாதாரண நாளில் எல்லாருக்கும் எப்படியோ பாய்ந்துவிடும். சாராயம் வந்தால் தலைமடைச் செல்கள் அதை எரிக்கிற அவசரத்தில் பிராணவாயுவை மடக்கிக்கொள்ளும். கடைமடை மூச்சுத் திணறும். குடிகாரன் ஈரலில் முதல் அடி பெரும்பாலும் அங்கேதான் விழும்.

தினமும் குடிப்பவனுக்கு இன்னொன்று. சாராயத்தை எரிக்க இரண்டாவது நொதி ஒன்று பெருகும். நாலு ரவுண்டு போட்டாலும் நிதானமாக இருக்கிறேன் என்று பீற்றிக்கொள்கிறவர்களுக்கு ஓரளவு அதன் உபயம். அந்த நொதியும் பிராணவாயு குடிக்கும், பெருகுவதும் கடைமடையில். தண்ணீர் எட்டாத வயலில் வாழை வைத்த கதை. பாராசிட்டமாலில் ஒரு பகுதியை விஷமாக்குவதும் இதே நொதிதான். அந்த விஷத்தை முறிக்கும் பொருளும் குடிகாரன் ஈரலில் குறைவு. ஏலே, குடித்த மறுநாள் அந்த மாத்திரையை மிட்டாய் மாதிரி போடாதே.

சாராயம் எரியும்போது கொழுப்பு எரிவது நின்று செல்லுக்குள்ளேயே தங்கும். சர்க்கரை உற்பத்தியும் படுக்கும். வெறும் வயிற்றில் குடித்து மயங்கி விழுவது இதனாலும்தான்.

உன் சித்தப்பா வயிறு ஊதிக் கிடந்ததை நீ பார்த்தாய். அந்தக் கட்டம் வேறு, அங்கிருந்து பழையபடி ஆவது கடினம். கொழுப்பு மட்டும் படிந்த நிலை என்றால், விட்டுவிட்டால் சில வாரங்களிலேயே பெரும்பாலும் கரைந்துவிடும். தினசரி என்று ஆகியிருந்தால் மட்டும் நீயாகத் திடீரென்று நிறுத்தாதே, டாக்டரிடம் கேட்டுச் செய். கை நடுக்கம், வலிப்பு வரை போகும்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னதாக வா. பாளையங்கோட்டைக்குப் போய் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்துவிடுவோம். எனக்குச் சுகர் பார்க்கப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம்.

அப்பா