தேய்மானம் வேறு, புரை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் 'எலும்புத் தேய்மானம்' என்ற தலைப்பைப் பார்த்ததும் என் மனைவியின் முழங்கால் வலிக்கு ஏதாவது வழி இருக்கும் என்று படித்தேன். பாதி தாண்டிய பிறகுதான் கட்டுரை சொல்வது எலும்புப்புரையை என்று புரிந்தது.

மூட்டில் தேய்வது எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு. படியேறினால் வலிக்கும், எக்ஸ்ரேயில் மூட்டின் இடைவெளி குறைந்திருப்பது தெரியும். புரை அப்படி இல்லை. எதுவும் உராய்ந்து தேய்வதில்லை, எலும்பின் அடர்த்தி குறைகிறது. பெரும்பாலும் விழுந்து முறியும்வரை வலியே இருக்காது. அதற்கு எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். பேச்சில் இரண்டுக்கும் 'எலும்புத் தேய்மானம்' என்ற ஒரே பெயர் என்பதால், பக்கத்து வீட்டு அக்கா சொன்னாரென்று எட்டு மாதம் கால்சியம் மாத்திரை விழுங்கினாள் என் மனைவி. அப்புறம் பார்த்த மருத்துவர், முதலில் தொடைத் தசைக்குப் பயிற்சி செய்யச் சொன்னார்.

நான் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைத்தவன். தேய்மானம் என்ற சொல்லோடு எனக்குப் பழைய சண்டை உண்டு. "மெஷின் புதுசு மாதிரி ஓடுது, எங்கே தேஞ்சுது?" என்று கேட்காத முதலாளி இல்லை. கணக்கில் தேய்வது இரும்பு இல்லை, போட்ட விலை. வருமான வரிக்குப் பொதுவான இயந்திரங்களில், மீதியிருக்கும் மதிப்பிலிருந்து ஆண்டுக்கு 15 சதவீதம் கழிப்போம். லட்ச ரூபாய் மெஷின் அடுத்த ஆண்டு 85,000, அதற்கடுத்து 72,250. முதல் ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் பாதிதான். நிலத்துக்குத் தேய்மானமே கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், பட்டறையில் அரம் போடும்போது கண்ணெதிரே உதிர்கிற வெள்ளிக்குத் தேய்மானம் என்று பெயரில்லை. அது சேதாரம். தூளைக் கூட்டி அள்ளி, உருக்கி மீட்பார்கள். அதற்கும் தனிக் கணக்கு. பத்து வருடம் காலில் கிடந்த கொலுசைத் தராசில் வைத்தால் குறைகிறதே, அதைத்தான் தேய்மானம் என்போம். இரண்டையும் மாற்றி எழுதினால் கணக்குப்பிள்ளைக்கு அன்றே கணக்கு முடிந்துவிடும்.

வெள்ளிக்கே இவ்வளவு பார்க்கிறோம். இனி மருத்துவப் பக்கத்தில் மூட்டுத் தேய்மானம், எலும்புப்புரை என்று பிரித்தே தலைப்பிடுங்கள். அடர்த்திப் பரிசோதனைச் சீட்டில் வரும் மைனஸ் 2.5 என்ற எண்ணுக்கு என்ன பொருள் என்றும் ஒரு கட்டுரை வந்தால் என் போன்றவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்