பசுமை எண்ணெய் என்றால் கணக்கைக் காட்டட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாலிமர் (தண்ணீரைத் தடிக்க வைக்கும் ஒரு ரசாயனத் தூள்) கலந்த தண்ணீரைப் பூமிக்குள் செலுத்தி கச்சா எண்ணெய் எடுக்கும் முறை பற்றி சென்ற ஞாயிறு தங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த முறையில் கரியமில வாயு குறைகிறது என்ற பொருளில், 'பசுமை எண்ணெய்' என்ற சொல் அதில் மூன்று இடங்களில் இருந்தது. மேற்கு இந்தியாவில் ஒரு எண்ணெய் வயலின் ஆய்வகத்தில் 22 வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது குத்தாலம் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறேன். அந்தச் சொல் நெருடியது. மறுநாள் டீக்கடையில் ஒருவர், "இதுவும் பூமியை ஒடச்சி எடுக்கறதுதானே சார்?" என்று கேட்டார். அதனால்தான் இந்தக் கடிதம்.

இதில் பாறையை உடைப்பது நோக்கமில்லை. எண்ணெய் தானாக மேலே வருவது குறைந்ததும், பக்கத்துக் கிணறு வழியே தண்ணீரை இறக்கி எண்ணெயைத் தள்ளுவார்கள். வெடித்துக் கிடக்கும் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இதன் தொல்லை தெரியும். தண்ணீர் வெடிப்பிலும் நண்டு வளையிலும் புகுந்து அடுத்தவர் வயலுக்குப் போய்விடும், நம் பயிர் காய்ந்தே நிற்கும். பாறைக்குள்ளும் இதே கதைதான். தடித்த எண்ணெயைத் தள்ளாமல் தண்ணீர் அதைத் தாண்டி ஓடிவிடும். பல வயல்களில் பாதிக்கு மேல் எண்ணெய் கீழேயே தங்குகிறது. லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் பாலிஅக்ரிலமைடு என்ற பாலிமர் தூளைக் கலந்தால், அதே தண்ணீர் பத்திருபது மடங்கு தடித்து, கஞ்சி போல நிதானமாக, பரவலாக நகரும். வயலில் முதலில் இருந்த எண்ணெயில் இன்னும் 5 முதல் 15 சதவீதம் வரை கிடைக்கலாம். சீனாவின் தாச்சிங் வயலில் 1996 முதல் பெரிய அளவில் இதைச் செய்கிறார்கள். ராஜஸ்தான் பார்மரில் 2004இல் கண்டுபிடித்த மங்களா வயலில் 2014இல் தொடங்கினார்கள்.

கேட்க எளிது. அந்தத் தூளோடு மல்லுக்கட்டியவனுக்குத்தான் தெரியும். பார்க்க வெள்ளை ரவை மாதிரி இருக்கும். ரவை போலவே, மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். அந்தக் கட்டிக்கு 'ஃபிஷ் ஐ' என்று பெயர். அது கிணற்றுக்குள் போனால் பாறையின் வாயை அடைத்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், தரையில் சிந்திய கரைசலை ஹோஸ் பிடித்துக் கழுவப் போனேன். தண்ணீர் பட்டால் அது இன்னும் வழுக்கும் என்று யாரும் சொல்லவில்லை. விழுந்த வேகத்தில் நான்கு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரிந்தேன். இன்னொரு இரவு யாரோ ஒரு வால்வைப் பாதி மூடி வைத்துவிட்டார்கள். அந்த இடுக்கில் பீறிட்டுப் போனதில் பாலிமரின் நீண்ட இழைகள் அறுந்துவிட்டன. காலையில் மாதிரி எடுத்துப் பார்த்தால் வெறும் தண்ணீர். ஒரு ஷிப்ட் முழுக்கக் கரைத்த தூள் வீண்.

சரி, இதில் கரியமில வாயு எங்கே குறைகிறது? பழைய வயலில் மேலே வருவதில் 95 சதவீதம் தண்ணீராகவே இருக்கும். அதாவது ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு 19 பீப்பாய் தண்ணீர். அவ்வளவையும் ஏற்றி, பிரித்து, மறுபடி உள்ளே தள்ள வேண்டும். 100 பார் அழுத்தத்தில் (காற்றழுத்தத்தைப் போல சுமார் 100 மடங்கு) ஒரு பீப்பாய் தண்ணீரைத் தள்ள ஏறக்குறைய 0.6 யூனிட் மின்சாரம் போகும். 19க்கு 11, 12 யூனிட். பாலிமரால் தண்ணீர் 90 சதவீதமாக இறங்கினால் 9 பீப்பாய்தான், 5, 6 யூனிட்டில் முடிந்துவிடும். நம் நாட்டு மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்தால், தள்ளுகிற செலவில் மட்டும் பீப்பாய்க்கு 4 கிலோ மிச்சம். ஏற்றும் செலவில் மிச்சமாவது தனி. ஆனால் பாலிமரைத் தயாரிக்கும் செலவைக் கழிக்க வேண்டும். அதுவே பெட்ரோலியத்திலிருந்து வருகிற சரக்கு! எண்ணெயோடு மேலே வரும் பாலிமர் சூடேற்றும் குழாய்களில் படிந்து, பிரிப்பதையும் கெடுக்கும்.

அதே ஒரு பீப்பாய் எண்ணெயை எரித்தால் சுமார் 430 கிலோ கரியமில வாயு வெளியே போகிறது. 4 எங்கே, 430 எங்கே? இதற்குப் பசுமை என்று பெயர் வைக்கலாமா?

நான் இந்த முறைக்கு எதிரி இல்லை. தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் கச்சா எண்ணெயை இறக்குமதி செய்யும் நாடு, இருக்கிற கிணற்றிலேயே கூடுதலாக எடுப்பது புத்திசாலித்தனம்தான். புதிய இடத்தில் துளை போடுவதைவிட எவ்வளவோ மேல்; டெல்டாக்காரன் நான் இதைச் சொல்லாமல் யார் சொல்வது? ஆனால் பெருமை பேசும் நிறுவனங்கள், ஒவ்வொரு வயலிலும் ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு எத்தனை பீப்பாய் தண்ணீர், எத்தனை யூனிட் மின்சாரம் என்று வருஷாவருஷம் வெளியிடட்டும். பாலிமருக்கு முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்றும் போடட்டும். இதெல்லாம் அவர்கள் கன்ட்ரோல் ரூமில் தினமும் எழுதி வைக்கிற எண்கள்தான். தங்கள் நிருபர் அடுத்த முறை அங்கே போனால், கேட்டு வாங்கி வந்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர்,
குத்தாலம் வட்டம், மயிலாடுதுறை மாவட்டம்