பிள்ளைகளுக்கும் பேர் போடுங்கள்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாக் கமிட்டித் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். இரண்டாம் நாள் இரவு மேடையில் நடந்ததை நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் எல்லோரும் அங்கேதான் நின்றீர்கள். வெளியிலிருந்து பிடித்த இசைக்குழுவின் லொறி வந்து சேர்ந்ததும், எங்கள் பிள்ளைகளைப் பாதிப் பாட்டில் இறங்கச் சொல்லி மைக்கில் அறிவித்ததும் கமிட்டிதான்.

டோலக் அடிக்கிற பையனுக்குப் பதின்மூன்று வயது. அவன் அழவில்லை, யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. மேல்சட்டையைக் கழற்றி டோலக்கைச் சுற்றிக் கட்டினான். வெறும் பெனியனோடு அந்தக் குளிரில் மேல் டிவிசனுக்கு ஏறினான். ஒன்றரை மைல். நான் பின்னால் டோர்ச் அடித்துக்கொண்டு போனேன். கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையைத் தாண்டும்போதுதான் வாய் திறந்தான். "தாத்தா, நோட்டீஸ்ல நம்ம பேரு போடாததுனாலதான் எறக்கிட்டாங்களா?"

வீட்டுக்கு வந்து நோட்டீஸை எடுத்து விளக்கடியில் பார்த்தேன். உபயகாரர் பேர் இருக்கிறது. பந்தல் போட்டவர் பேர், ஒலிபெருக்கிக்காரர் பேர், அச்சடித்துக் கொடுத்தவர் பேர் எல்லாம் இருக்கிறது. மூன்று மாதமாகப் முன்பு கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பழைய பிள்ளைக்காம்பராவில் ராத்திரி ராத்திரியாகப் பழகிய ஒன்பது பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

மலையில் வேலை செய்த உங்களுக்குத் தெரியும். கொழுந்து குறைந்த நாளில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். வயிறு எரிந்தாலும் சம்பளப் பதிவான செக்ரோலில் அரைப்பேராவது இருக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த அரைப்பேர்கூட விழவில்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். அடுத்த திருவிழா நோட்டீஸில் இரண்டாம் நாள் இரவு ஒரு மணி நேரம் என்று நேரம் குறித்து, எங்கள் பிள்ளைகளின் குழுவுக்குப் பேர் போடுங்கள்.

இதைக் கேட்க எனக்கு என்ன உரிமை என்று சிலர் நினைக்கலாம். 1977இலிருந்து 1981 வரை இதே கோயில் முன்னால் பாடிய குழுவில் கொங்கோ அடித்தவன் நான். உங்களில் சிலர் அப்போது அம்மா மடியில் படுத்துக்கொண்டு கேட்டிருப்பீர்கள். ஆறு பேர் இருந்தோம். லயத்தில் கரண்ட் கிடையாது, பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், கார் பேட்டரியில் ஓடுகிற ஆம்ப்ளிபயர். பாட்டுப் புத்தகம் வாங்கக் காசில்லை. இலங்கை வானொலியில் பாட்டுப் போகும்போது மூன்று பேர் கொப்பியோடு உட்காருவோம். முதல் வரி ஒருவனுக்கு, இரண்டாவது அடுத்தவனுக்கு, மூன்றாவது எனக்கு. விட்டுப்போன வார்த்தைக்கு அந்தப் பாட்டு மறுபடி எப்போது போடுவார்கள் என்று காத்துக் கிடப்போம். ஒரு சரணம் முழுசாக ஒரு மாதம் எடுத்ததும் உண்டு.

எங்களில் ஒருவன் தப்புப் பறை அடிக்கிறவர் மகன். தாளம் அவன் கையில்தான் இருந்தது. பனியில் தோல் தளர்ந்துவிடும். கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலை மிலாறுக் குச்சிகளைக் கொளுத்தி, தப்பை அந்த அனலில் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் தட்டிக் காது கொடுத்துப் பார்ப்பான். சத்தம் கணீரென்று வந்த பிறகுதான் எழும்புவான். அவன் வாசலுக்கு வெளியே நின்று அடிக்கலாம், மேடை ஏறக்கூடாது என்று அன்றைய பெரியவர்கள் சொன்னார்கள். அப்படியென்றால் நாங்கள் ஐந்து பேரும் ஏற மாட்டோம் என்றோம். ஒரு மணி நேரம் வாக்குவாதம். கடைசியில் ஆறு பேரும் ஏறினோம். அந்தப் பெரியவர்களும் மனம் மாறினார்கள் என்பதை நினைத்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

எங்கள் குழுவை எந்தக் கமிட்டியும் கலைக்கவில்லை. 1964இல் கொழும்பும் டில்லியும் போட்ட ஒப்பந்தம்தான் கலைத்தது. தோட்டத் தமிழரில் 525,000 பேரை இந்தியா எடுப்பது என்று எழுதிக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் எங்கள் ஆர்மோனியக்காரனும் ஒருவன். 1981இல் ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏற்றிவிட்டோம். தலைமன்னார், கப்பல், அப்புறம் கோத்தகிரிப் பக்கம் தேயிலை மலை. போகும்போது ஆர்மோனியப் பெட்டியை எங்களிடம் விட்டுப் போனான். அதில் நடுவில் ஒரு கட்டை அமுங்கினால் எழும்பாது. நகத்தால் தூக்கிவிட்டுத்தான் வாசிப்பான். இன்று பிள்ளைகள் வாசிப்பது அதே பெட்டி. எட்டாம் தரத்தில் படிக்கிற பிள்ளை ஒருத்தி அதே கட்டையை அதே மாதிரி நகத்தால் தூக்குகிறாள். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்று ராத்திரி அவளையும்தான் இறக்கினீர்கள்.

நம் ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்து இருநூறு வருஷம் ஆனதை நினைத்து 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். தப்பு எங்கள் அடையாளம், காமன் கூத்து எங்கள் சொத்து என்று மேடைக்கு மேடை பேசினார்கள். கேட்டு நெஞ்சு நிறைந்தது. ஆனால் அந்தச் சொத்தை எடுத்து நடத்தப்போகிற பிள்ளைகளுக்குச் சொந்தக் கோயிலில் இடமில்லை. திருவிழா வரி அவர்களின் அம்மா அப்பா சம்பளத்திலிருந்துதான் கழிகிறது. கொழுந்துக் கூடை சுமந்த காசு அது. அதை வாங்கி வெளிக் குழுவுக்குக் கொடுக்கும்போது, வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க ஏன் கை வரவில்லை?

சரி, கோபத்தில் கொஞ்சம் கூடப் பேசிவிட்டேன். மூத்தவன் என்று பொறுத்துக்கொள்ளுங்கள். வெளிக் குழு வரட்டும், இளைஞர்களுக்கு அதுவும் வேண்டும். எங்கள் பிள்ளைகள் ஏழு மணிக்கு ஏறி எட்டு மணிக்கு இறங்கிவிடுவார்கள். தயவுசெய்து அவர்களுக்கும் பேர் போடுங்கள்.

குழுவுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. வருகிற ஞாயிறு கூடி வைப்பதாகப் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு நானே வருகிறேன். நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்கு முன்னால் கூட்டம் எந்த நாள் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மேல் டிவிசன் லயத்திலிருந்து,
அன்று கொங்கோ அடித்தவன்