கல்கியின் நாவல்களை அச்சிடும் பதிப்பாளர்களுக்கு ஒரு பைண்டரின் மடல்

அன்புள்ள பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடை வைத்திருக்கிறேன். உங்களிடம் ஒன்றைக் கேட்கத்தான் இந்த மடல். 'பொன்னியின் செல்வன்' நாவலின் முடிவுரையை வெட்டாதீர்கள்.

போன மாதம் என் மேஜைக்கு இரண்டு 'பொன்னியின் செல்வன்' வந்தன. ஒன்று, பெரம்பூர் ஆலைத் தொழிலாளி ஒருவர் 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை 'கல்கி' வார இதழிலிருந்து தொடர்ப் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்த தொகுப்பு. அவருடைய பேரன் கொண்டுவந்தார். முதுகுத் துணி நைந்து நாராகிவிட்டது. ஆனால் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசை, பூச்சி அண்டவே இல்லை. மணியம் வரைந்த படங்கள் ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய தாள் ஒன்று வைத்திருந்தார். கடைசியில் முடிவுரை. அதன் ஓரத்தில் பென்சிலால் 'தக்கோலம், திருவொற்றியூர்' என்று இரண்டே சொற்கள்.

அவர் எதைக் குறித்தார் என்பது எனக்குப் புரிந்தது. 949-இல் தக்கோலப் போரில் சோழ இளவரசர் இராஜாதித்தர் இறந்தார். அவருடன் சாக முடியாமல் போனதே என்று மனம் உடைந்த சேரநாட்டு நண்பர் ஒருவர் கங்கையில் நீராடித் துறவு பூண்டு, திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் ஆனார். அந்தக் கோயிலின் கல்வெட்டுதான் இதைச் சொல்கிறது. நம் பஸ் போகும் வழியில் இருக்கிற கோயில்! நாவல் படித்த ஓர் ஆலைத் தொழிலாளி அங்கே வரைக்கும் தேடிப் போயிருக்கிறார்.

இரண்டாவது, ஒரு கல்லூரி மாணவியுடையது. ஐந்து பாகங்களும் ஒரே புத்தகம், நூல் தையல் இல்லை, வெறும் பசை. நடுவில் விரித்ததும் கொத்தாகப் பக்கங்கள் கையோடு வந்தன. அதையாவது தைத்துக் கொடுத்துவிடலாம். முடிவுரை இல்லாததற்கு நான் என்ன செய்ய முடியும்?

"குந்தவை கடைசியில் யாரைத்தான் அண்ணா திருமணம் செய்துகொண்டாள்?" என்று அந்தப் பெண் கேட்டாள். வாசகர்கள் அன்றே இப்படிக் கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் கல்கி முடிவுரை எழுதினார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டும் குந்தவையை 'வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்' என்றே குறிக்கிறது. ஆலைக்காரரின் தொகுப்பை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். நின்றபடியே முழுவதும் படித்தாள்.

1921-இல் பள்ளிப் படிப்பை விட்டு ஒத்துழையாமை இயக்கத்துக்குப் போய்ச் சிறை சென்றவர் கல்கி. 1923-இல் திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் சேர்ந்தார். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களோடு நின்றவர் அந்தத் திரு.வி.க. எளியவர்கள் படிக்கும் தமிழ் கல்கிக்குச் சும்மா வந்துவிடவில்லை என்று எனக்குத் தோன்றும். நீலகண்ட சாஸ்திரியும் சதாசிவ பண்டாரத்தாரும் தேடித் தொகுத்த சோழ வரலாற்றை ஆலை வாசல் வரை கொண்டுவந்தார். மூன்றரை ஆண்டு வாரம் தவறாமல் காத்திருந்தவர்களைக் கேள்வியோடு விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. தொடர் முடிந்த அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று, 55 வயதில் போய்விட்டார்.

அவருடைய எழுத்து இன்று நாட்டுடைமை. நீங்கள் யாருக்கும் ராயல்டி தர வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். விலையைக் குறைக்கத் தாளைக் குறையுங்கள், அட்டையைக் குறையுங்கள். அவர் வாசகருக்குச் சொன்ன பதிலைக் குறைக்காதீர்கள்.

பழைய தொகுப்பைத் தைத்து முடிக்க இன்னும் இரண்டு வாரம் ஆகும். உங்கள் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டலாம் என்று பேரன் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாள்களில் கடையில் இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு பைண்டர்,
பழைய வண்ணாரப்பேட்டை