பேத்திக்கு வைத்த பெயர்

அன்புள்ள கதிரேசா,

ஆறு மாசமாக எழுதவில்லை, திட்டிக்கொள். ஆனால் முதலில் சேதியைக் கேள்: போன புதன்கிழமை எனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் நலம். நான் இன்னும் தென் பிரான்சில், ஆர்ல் நகரத்தில் மகன் வீட்டில்தான் இருக்கிறேன், முழங்கால் பரவாயில்லை.

பெயர் மிரேய். அக்கா போனில் கேட்டுவிட்டு "பிள்ளை எதைப் பார்த்து மிரளுது?" என்றாள். எனக்கும் முதலில் மனசு ஒட்டவில்லை. அம்மா பெயரை வைப்பார்கள் என்று எத்தனை நாள் உன்னிடம் சொல்லியிருப்பேன்!

மருமகளின் பாட்டி பெயராம். அப்புறம் கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது, இது இந்த மண்ணின் பெயர். பக்கத்து மயான் என்ற ஊரில் பிறந்த ஃபிரெடெரிக் மிஸ்த்ரால் 1859-இல் புரோவான்சால் மொழியில் எழுதிய காவியத்தின் நாயகி இவள். பாரிஸ்காரர்கள் பட்டிக்காட்டுப் பேச்சு என்று ஒதுக்கிய மொழி அது. அதில் எழுதியவருக்கு 1904-இல் நோபல் பரிசு! அவருடைய பாட்டி, தன் பெண்களில் ஒருத்தியைக் கொஞ்ச வேண்டுமென்றால் "இவள்தான் மிரேய், அழகு மிரேய்" என்பாளாம். அந்த மிரேய் யாரென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, பெயர் மட்டும் மிச்சம். 'மிரார்', அதாவது வியந்து பார்ப்பது, அதிலிருந்து வந்தது என்கிறார்கள் பலர். மிஸ்த்ரால் தன் ஞானமகளுக்கு இதை வைக்கப்போனபோது பாதிரியார், இப்படியொரு புனிதை இல்லையே என்று மறுத்தாராம். இது மிரியாமின், நம் மரியாளின், புரோவான்சால் வடிவம் என்று சொல்லி மிஸ்த்ரால் அவரை ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறார். அப்போதெல்லாம் 1803 சட்டப்படி நாட்காட்டிகளிலோ பழைய வரலாற்றிலோ உள்ள பெயரைத்தான் வைக்கலாமாம். 1993-இல்தான் பெற்றோர் இஷ்டம் என்றானது. என் மகன் நகராட்சியில் பத்தே நிமிஷத்தில் பதிந்துவிட்டு வந்தான், இரண்டாவது பெயராக அம்மா பெயரையும் சேர்த்து. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் ஒன்று உறுத்துகிறதடா. அந்தக் கதையில் பணக்காரப் பண்ணையார் மகள் கூடை முடைபவனை விரும்புகிறாள், வீட்டில் விடவில்லை. க்ரோ என்ற கல்லுப் பொட்டலை உச்சி வெயிலில் தனியாகக் கடந்து கடலோரத்துப் புனித மரியாக்கள் கோயிலுக்கு ஓடுகிறாள், வெயில் தாக்கிச் செத்துப்போகிறாள். மருமகளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இங்கே வீட்டுக்கு ஒரு மிரேய் உண்டு மாமா, எங்கள் பாட்டி தொண்ணூறு வயது வாழ்ந்தாள்" என்றாள். சரிதான், நாமும் கண்ணகி என்று வைக்கிறோமே, அவள் பட்டதையெல்லாம் நினைத்தா வைக்கிறோம்? இருந்தும் இன்று மதியம் தொட்டிலை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்திப் போட்டேன். நீ என்ன நினைக்கிறாய், மறைக்காமல் எழுது.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். போட்டோ அடுத்த கடிதத்தில்.

உன்,
சிவா