அரிக்கேன் அக்கா மறுபடியும் வகுப்புக்கு வந்தார்

மேலூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள ஜோதி,

சித்திரைத் திருவிழாவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவள் நீ. கோபித்துக்கொண்டு ஆறு மாதம் எழுதாமல் இருந்தவள் நான். கணக்கு நேராகிவிட்டது. பேத்திக்குக் காது குத்தியாச்சா? முட்டிவலிக்கு அந்த எண்ணெய் கேட்டதா? இங்கே எல்லாரும் சுகம். ஜெராக்ஸ் மிஷின்தான் வாரத்துக்கு ஒருமுறை படுத்துக்கொள்கிறது.

சரி, நான் எழுத உட்கார்ந்ததே வேறு விஷயத்துக்கு. அரிக்கேன் அக்காவைப் பார்த்தேன், ஜோதி. அந்தக் காலத்தில் நம்மிடம் எழுதப் படிக்க வந்தாரே, அவரையேதான். அதுவும் என் வகுப்பில்.

ஆமாம், மறுபடியும் சாக்பீஸைக் கையில் எடுத்துவிட்டேன். புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் என்று 2022-லிருந்து நடக்கிறதே, அதில். 15 வயது தாண்டிய, எழுதப் படிக்கத் தெரியாத யாரும் சேரலாம். சொல்லிக்கொடுப்பவர்கள் நம்மைப் போலச் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். நம்ம பழைய ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான், சாயங்காலம் ஆறரைக்கு. பதினாலு பேர், எல்லாரும் பெண்கள். நூறு நாள் வேலை, களையெடுப்பு, சித்தாள் வேலை எல்லாம் முடித்து, சோறு வடித்து வைத்துவிட்டு வருகிறார்கள். ஆண்கள் எதிர் டீக்கடையிலிருந்து வேடிக்கை பார்க்கிறார்கள். அவர்களைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.

முதல் நாள் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னேன். மற்றவர்கள் கட்டைவிரலை நீட்டினார்கள். அக்கா மட்டும் பேனாவை வாங்கி, மு-வில் ஆரம்பித்து மா-வில் முடித்து, பெயரை அழகாக எழுதினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. 1992-ல், அறிவொளி இயக்கத்தின் எழுத்தறிவு வகுப்பில், மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் நீயும் நானும் கையைப் பிடித்து எழுதவைத்தது அல்லவா அது! சும்மா இருந்திருக்கலாம். "அக்கா, இந்த நடு எழுத்து என்ன?" என்று கேட்டுவிட்டேன். முழித்தார். மா-வை மட்டும் தனியாகப் போர்டில் எழுதிக் காட்டினேன். தெரியவில்லை. பெயரைப் பாதியில் நிறுத்தி, மீதியை எழுதுங்கள் என்றால் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து போனால்தான் வருகிறது. கோலத்தில் ஒரு இழை தப்பினால் அழித்துவிட்டு முதல் புள்ளியிலிருந்து போடுவோமே, அந்த மாதிரி.

33 வருஷமாக அக்கா தன் பெயரை வரைந்துகொண்டிருந்திருக்கிறார், ஜோதி.

அதற்கு அப்புறம் அவர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "கைநாட்டு வச்சிருந்தாக்கூட நாலு பேரு வாசிச்சுக் காட்டியிருப்பாக தாயி. கையெழுத்துப் போடுறவதானேன்னு பேப்பரை நீட்டிட்டாக. நானும் போட்டுட்டேன்." யாரோ வாங்கிய கடனுக்கு ஜாமீன் காகிதம் அது. இரண்டு வருஷம் கொத்தனார் கூலியிலிருந்து கட்டியிருக்கிறார்கள்.

நாம் அவருக்கு நல்லதுதான் செய்தோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். பயிற்சி முகாமில் பாவ்லோ பிரெய்ரே பற்றிச் சொன்னார்களே, ஞாபகம் இருக்கிறதா? பிரேசிலில் அஞ்சிகோஸ் என்ற ஊரில், 1963-ல், 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தைக் கற்றுக்கொடுத்தவர். செங்கல் என்ற சொல்லை எடுத்து, அதைத் துண்டு துண்டாக உடைத்து, அந்தத் துண்டுகளை வைத்து வேறு சொற்களைக் கட்டச் சொல்வார் என்று கேட்டு நீ நோட்டு முழுக்க எழுதிக்கொண்டாய். அடுத்த வருஷமே ராணுவ ஆட்சி வந்து அவரைச் சிறையில் போட்டது என்றதும் உனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பேர்ப்பட்ட பாடத்தைக் கேட்டுவிட்டு வந்தோம். கடைசியில் தேர்வுக்கு நாள் நெருங்கியதும் என்ன செய்தோம்? பெயர் எழுதத் தெரிந்தால் போதும் என்று அதையே இருபது தடவை எழுதவைத்தோம். அப்புறம் உனக்குக் கல்யாணம், எனக்குக் கல்யாணம். அறிவொளியில் சைக்கிள் கற்றுக்கொண்ட புதுக்கோட்டைப் பெண்களைப் பார்த்து வாடகை சைக்கிள் எடுத்து, கண்மாய்க்கரையில் நீ விழுந்து எழுந்த அந்தச் சைக்கிள் கடைகூட அப்புறம் மூடிவிட்டது. அந்தப் பெட்டி நிறைய இருந்த புத்தகங்கள் எங்கே போயின? வகுப்பு முடிந்த மறுநாள் படிக்க அவர்கள் கையில் ஒரு தாளாவது இருந்ததா? பழகாத எழுத்து எத்தனை நாளைக்கு நிற்கும்?

உன்மேல் பழிபோடவில்லை. இந்தப் பாரத்தை வேறு யாரிடம் சொல்ல?

இந்தத் தடவை எழுத்துக்கு முன்னால் கண்ணாடி. அது நமக்கு அன்றைக்குத் தோன்றவே இல்லை. பாதிப் பேர் "எனக்கு மண்டையில ஏறாது" என்று சொன்னார்கள். பார்த்தால், சிலேட்டைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். வெள்ளெழுத்து! ஒரு வேன் பிடித்து ஒன்பது பேரை மதுரை அண்ணாநகர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 கட்டிலோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரி இன்றைக்கு எப்படி நிற்கிறது பார். கண்ணாடி போட்டதும் மேலத்தெரு அப்பத்தா தன் உள்ளங்கையைத்தான் முதலில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

அந்த அப்பத்தா இரண்டாம் வகுப்புவரை போனவர். போர்டில் "மலை" எழுதச் சொன்னேன். பழைய தும்பிக்கை லை போட்டார்! 1978-ல் எழுத்தை மாற்றியது அவருக்குத் தெரியாது. அதற்குள் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அழிக்க மனசு வரவில்லை. பக்கத்தில் புது லை-யையும் எழுதி, இரண்டும் ஒன்றுதான் என்றேன்.

இவர்களெல்லாம் இத்தனை வருஷம் சமாளித்த விதத்தைக் கேட்டால் மலைத்துப்போவாய். ஒருத்தி போனில் பெயர்களுக்குப் பதில் படம் வைத்திருக்கிறாள். தக்காளி என்றால் கமிஷன் கடை, ஆடு என்றால் சம்பந்தி. மாத்திரைக்கு நிறம்தான் அடையாளம். வெள்ளை காலையில், மஞ்சள் ராத்திரி. வேறு கம்பெனி மாத்திரை வந்து நிறம் மாறினால் என்ன ஆகும், சொல்.

247 எழுத்தையும் வரிசையாக மனப்பாடம் பண்ணவைக்கவில்லை. ட, ப, ம-வில் ஆரம்பித்தேன். மூன்றும் பெரும்பாலும் நேர்கோடு, காய்த்துப்போன விரலுக்கு லகு. படம், மடம், பட்டம், மட்டம். மட்டம் வந்ததும் சித்தாள்கள் எல்லாரும், "ரசமட்டம் பார்க்கிற மட்டமா?" என்று கலகலப்பாகிவிட்டார்கள். அப்புறம் க. அப்புறம் கா-வுக்குப் போடுகிற கால், கி-க்குப் போடுகிற கொக்கி. பெயரைத் தொடவே இல்லை. அக்காவிடம், "உங்கள் பெயர் கடைசியில்தான்" என்று சொல்லிவிட்டேன்.

போன புதன்கிழமை போர்டில் "கட்டடம்" என்று எழுதினேன். முதல் எழுத்தைப் பார்த்ததும் பத்துப் பேர் ஒரே குரலில் "கட்டிடம்" என்றார்கள். நாமும் பேசும்போது அப்படித்தானே சொல்கிறோம். சரிதான் என்று நான் அடுத்த சொல்லுக்குப் போகப் பார்த்தேன். அக்கா எழுந்து போர்டுக்குப் பக்கத்தில் வந்தார். ஒவ்வொரு எழுத்துக்குக் கீழேயும் விரலை வைத்தார். செங்கல் தூக்கி நகம் தேய்ந்த விரல். க… ட்… ட… அங்கே விரல் நின்றுவிட்டது. திரும்பி என்னைப் பார்த்து, "தாயி, கட்டிடம்னா இங்க ஒரு கொக்கி வரணும்ல? இது மொட்டையால்ல இருக்கு. நீங்க தப்பா எழுதிட்டீகளா?" என்றார்.

ஜோதி, எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இத்தனை பேர் சொன்னதை விட்டுவிட்டு, போர்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தார் பார்! ஜாமீன் காகிதத்தில் அன்றைக்கு இப்படி விரல் வைத்திருந்தால்? "தப்பில்லை அக்கா, ரெண்டு விதமாகவும் எழுதுவாங்க" என்றேன். "அப்படின்னா முன்னாடியே சொல்லணும்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

தேர்வு 150 மதிப்பெண்ணுக்கு. வாசிக்க 50, எழுத 50, கணக்குக்கு 50. தேறிவிடுவார்கள். அதற்கு அடுத்த மாதம்தான் எனக்குப் பயம். அதற்காகத்தான் உன்னிடம் கேட்கிறேன். உன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். மாதம் ஒரு கடிதம் அக்காவுக்கு எழுது. பெரிய எழுத்து, வரிக்கு மூன்று நான்கு சொல், தபாலில் வர வேண்டும். இப்போதைக்கு க, ச, ட, ப, ம, ர, ல, வ, ன, அவற்றோடு காலும் கொக்கியும் புள்ளியும் மட்டும். கொம்பு இன்னும் ஆரம்பிக்கவில்லை. அதனால் கீழே ஜோதி என்று போடாதே, அந்த ஜோ-வுக்கு நாள் இருக்கிறது. பாப்பா என்று போடு. உன்னை அப்படித்தானே கூப்பிடுவார்.

உன்
சரசு