இம்ரே நாகியின் சிலையைப் பழைய இடத்திலேயே வையுங்கள்

ஹங்கேரி அரசுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும், வணக்கம்.

2018 டிசம்பர் 28 அன்று, ஊர் விழிக்குமுன் புடாபெஸ்ட் தியாகிகள் சதுக்கத்திலிருந்து அகற்றப்பட்ட இம்ரே நாகி சிலையைப் பற்றிய மடல் இது. அதைத் திரும்ப அங்கேயே வையுங்கள்.

1956இல் சோவியத் ஆதிக்கத்துக்கு எதிராக ஹங்கேரியில் புரட்சி எழுந்தபோது பிரதமராக இருந்தவர் நாகி. அந்த மனிதரைத் தூக்கிக்கொண்டு அலைவது இது முதல் தடவை அல்ல. புரட்சி நசுக்கப்பட்டபின் கம்யூனிஸ்ட் ஆட்சியாளர்கள் 1958 ஜூன் 16 அன்று அவரைத் தூக்கிலிட்டு, சிறை வளாகத்துக்குள்ளேயே புதைத்தார்கள். 1961 பிப்ரவரியில் தோண்டியெடுத்து, பக்கத்து இடுகாட்டின் 301ஆம் பகுதிக்குக் கொண்டுபோனார்கள். தார்க் காகிதத்தில் சுற்றி, கம்பியால் கட்டி, குப்புறக் கிடத்தி மண் தள்ளினார்கள். பதிவேட்டில் ஏறிய பெயர் போர்பீரோ பிரோஷ்கா. அது ஒரு பெண்ணின் பெயர்! இம்ரே நாகி எங்கே என்று மகளே வந்து பதிவேட்டைப் புரட்டினாலும் அப்படி ஒருவர் அங்கே இல்லை. பொய்ப் பெயர் எழுதியதன் பயனே அதுதான். 1989 வசந்தத்தில் தோண்டி எலும்புகளை அடையாளம் காணும்வரை, 31 ஆண்டுகள் அந்தக் குடும்பத்துக்குப் பூ வைக்க ஒரு கல் கிடையாது.

அந்த ஆண்டு ஜூன் 16 அன்று வீரர்கள் சதுக்கத்தில் ஆறு சவப்பெட்டிகள். ஆறாவது காலி, பெயர் தெரியாமல் மாண்ட கிளர்ச்சியாளர்களுக்காக. சோவியத் படை வெளியேற வேண்டும் என்று அன்று முழங்கிய இளைஞர் விக்டர் ஓர்பான். சிலையை எடுத்ததும் அவர் தலைமையிலான அரசுதான். மறதியும் ஒரு வரம்.

1934இல் அங்கே இருந்த, 1919இல் கம்யூனிஸ்ட் ஆட்சி நடத்திய செம்பயங்கரம் என்ற வன்முறையில் பலியானோரின் நினைவுச்சின்னத்தைத்தானே மீட்டோம் என்றார்கள். சுற்றுவட்டாரத்தையே 1944க்கு முந்தைய தோற்றத்துக்குக் கொண்டுபோனால், 1956 நடக்கவே இல்லாத ஊர்தான் மிஞ்சும். 1996இலிருந்து சிறு பாலத்தின் மேல் நின்று நாடாளுமன்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் நாகி. 1956 அக்டோபர் 25 அன்று நிராயுதபாணிகளைச் சுட்டுத் தள்ளிய கொஷுத் சதுக்கம் அந்தப் பார்வைக்கு எதிரே இருக்கிறது. இப்போது நிற்கும் யாசாய் மாரி சதுக்கத்தில் அவருக்கு அண்டைவீடு எது தெரியுமா? அவரைத் தூக்கிலிட்ட கம்யூனிஸ்ட் கட்சியின் பழைய தலைமையகம். இடம் பார்த்தவர் நன்றாகத்தான் பார்த்திருக்கிறார்.

கோபம் கொஞ்சம் மீறிவிட்டது, பொறுத்தருள்க. 1919இல் மாண்டவர்களின் சின்னத்தை எடுக்கச் சொல்லவில்லை, அவர்களும் மனிதர்களே. அதன் அருகில் ஓரிடம் ஒதுக்கி, பாலத்தோடு சிலையை நாடாளுமன்றம் பார்த்தபடி நிறுத்துங்கள். அடுத்த ஜூன் 16க்குள் செய்துதருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். இந்த முறை பகலில் செய்யுங்கள்.